போதும் என்று ஒரு பெயர்

பர்மாவில், சூலே பகோடா பக்கத்துக் கிளினிக்கில் பதிவேடு எழுதுகிறேன். இன்று வந்த நைஜீரியப் பெண் தன் இக்போ பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: ந்வான்யிபுயிஃபே.

“பெண்ணும் ஒரு பொருட்டுதான்னு அர்த்தம். நான் நாலாவது பொண்ணு. சொந்தக்காரங்க முகம் சுளிச்சாங்க. அப்பா வேணும்னே இந்தப் பேரை வச்சார்.”

நானும் நாலாவதுதான். எங்கள் தாகேதா பேட்டையில் பள்ளியில் சேர்த்த அன்று, போதும்பொண்ணு என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார்.

“தோபீ,” என்று அப்பா பர்மிய மொழியில் சொன்னார். போதும். டீச்சரின் கன்னத்துத் தனாக்கா பூச்சு வெடிக்கும்படி சிரிப்பு. அன்றிலிருந்து வகுப்புக்கே நான் தோபீ.

அது பெயரல்ல, என் நெற்றியில் ஒட்டிச் சாமிக்கு அனுப்பிய மனு. அடுத்த மழைக்குத் தம்பி பிறந்தான்.

“பேரு பலிச்சிருச்சு!” என்று அப்பா தெருவுக்கே மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிப் போட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

“உங்க பேருக்கு என்ன அர்த்தம்?” என்றாள் அந்த நைஜீரியப் பெண்.

“போதும்.”

“ஆகா! நீங்க ஒருத்தி போதும்னு நினைச்சிருக்கார் உங்க அப்பா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையை விடுவித்துக்கொண்டு, அவள் பெயரை ஓரெழுத்தும் பிழையில்லாமல் எழுதினேன்.