படிக்காமல் விட்ட பன்னிரண்டு பக்கங்கள்

அடையாறு பாலத்தைப் பாதி கடந்தபோதும், காலையில் படித்த ஆங்கில வாக்கியம் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போக முடியாது. வேலை போய்விட்டது.

எட்டு மாதமாக ஒரு பெண்ணுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டினேன். அவளுக்குப் பார்வை இல்லை. ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை வந்தவள். கணினிக்குப் பிடிபடாத மங்கலான ஜெராக்ஸ் தாள்களை நான் உரக்கப் படிப்பேன். அவள் பிரெய்லில் குறிப்பெடுப்பாள். நான் பத்தாவதோடு நின்றவன். ஆங்கிலம் வாயில் வரும், மண்டையில் ஏறாது. அர்த்தம் அவள்தான் சொல்லுவாள்.

'நல்லது' என்று ஒருவர் சொன்னால், அந்தப் பொருளைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா, இல்லை கைதட்டுவதுபோலத் தன் பிரியத்தைக் காட்டுகிறாரா? நம் காலத்துப் படித்தவர்களுக்குள் இது பெரிய சண்டையாம். அதில் சிலர் பழைய கிரேக்கர்களிடம் திரும்பிப் போனார்களாம். அரிவாள்மணை எதற்கு என்று தெரிந்தால் நல்ல அரிவாள்மணை எது என்றும் தெரியும். மனிதனுக்கும் அப்படித்தான் என்பது கிரேக்கர் வழி.

"அப்ப மனுஷன் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் தீசிஸ் எழுதிக்கினு கீறேன், நைனா?"

கடைசி ஜெராக்ஸ் கட்டில் பன்னிரண்டு பக்கமே மிச்சமிருந்தது. முடிந்தால் என்னை எதற்குக் கூப்பிடுவாள்? எத்தனையோ ஊரில் இருந்திருக்கிறேன். அவளுக்கு எதிரே போட்டிருந்த அந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை. போன வாரம் படித்த பக்கங்களையே புதியவைபோல மூன்று நாள் படித்தேன்.

நான்காம் நாள் அவள் கையைத் தூக்கினாள்.

"இத்த போன வாரமே படிச்ச. மாசக் கடைசில நான் தீசிஸ குடுக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"முடிஞ்சிடுமேன்னுதான்."

குறிப்புத் தாளை மூடி வைத்தாள்.

"உன்ன எனக்குப் புடிக்கும். அது கைதட்டல். ஆனா படிக்கிற ஆளா நீ நல்ல ஆள் இல்ல. தாள்ல கீறத படிக்கணும், அதான் உன் வேலை. நாளைக்கு வேற ஆள் வரட்டும்."

மிச்சப் பக்கங்களையாவது படித்துவிட்டுப் போகவா என்றேன்.

"வேணாம். வச்சிட்டுப் போ."

அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை தி.நகரில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்டார்கள். முதலாளி தெற்கத்திக்காரர்.

"எழுதப் படிக்க வருமாடே? பில் போடுற எடத்துல ஆளு வேணும்."

"வராது" என்றேன்.

கிடங்கில் சேலை மூட்டை இறக்கச் சொன்னார்.