எட்டு வீட்டு ஒயர்

என் மகளுக்கு மூச்சு முட்டியபோது, ஓர் ஆளை அடிக்கக் கிளம்பிய என் கணவரை நான் தடுத்திருக்க வேண்டுமா? இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. மறுநாள் அவள் இருமினால் இல்லை என்று தோன்றுகிறது.

நாங்கள் திருவொற்றியூரில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சிறிய கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். மொத்தம் எட்டு வீடுகள். கணவருக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. மகளுக்கு மூன்று வயது. பிறந்த வருடமே வீசிங் தொடங்கிவிட்டது. புகை, தூசி, கடுமையான வாசனை எதுவும் ஆகாது என்றார் டாக்டர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மதியம் விரலை வைத்தால் கருப்பாக வரும் ஊர் இது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் கேஸ் வாடை அடிக்கும். வெளியே இருப்பதை என்னால் மாற்ற முடியாது. அதனால் வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் மாற்ற ஆரம்பித்தேன்.

கொசுவர்த்தியை நிறுத்தினேன். வாசனை சோப்புத்தூளுக்குப் பதில் பூந்திக்கொட்டை வந்தது. மகளுக்குப் புதுத்துணி எடுப்பதை விட்டு, என் அக்கா பிள்ளைகள் போட்டுச் சாயம் போன பருத்திச் சட்டைகளையே போட்டேன். கிழிந்த திரைச்சீலைகளில் பை தைத்தேன். பால்கனியில் காய்கறித் தோலை மக்க வைத்தேன். அந்தப் புளித்த வாடையே அவளுக்கு ஆகாதோ என்று பயந்து ஒரு வாரம் மூடி வைத்தேன். மூடினால் பூஞ்சை வருமோ என்று மறுபடி திறந்தேன். கணவர் சிரிப்பார். "வெளில ஊரே பொகையுது. நீ உள்ள பூந்திக்கொட்டைல தொவைச்சுகினு கீற," என்பார். ஆனாலும் கொட்டையை ஊறவைக்க மறந்தால் அவர்தான் ஞாபகப்படுத்துவார்.

பழைய ஒயர், சார்ஜர், அறுந்த அயர்ன்பாக்ஸ் கேபிள் இவற்றைக் குப்பையில் போட்டால் கொடுங்கையூர் குப்பை மேட்டில் போய்க் கிடக்கும், அங்கே தீப்பிடித்தால் எல்லாம் எரியும் என்று யோசித்தேன். கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: யாரும் ஒயரைக் குப்பையில் போட வேண்டாம், என் வாசலில் ஒரு பெட்டி வைக்கிறேன், சேர்ந்ததும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் நான் எழுதுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. இதை எட்டு வீடும் கேட்டது. கைதட்டும் படங்கள் வந்தன. பெட்டி நிரம்பிய பிறகு, பச்சைத் திரைச்சீலையில் தைத்த பெரிய பையில் அடைத்து வைத்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன்பாடி வண்டியில் ஒரு கணவன் மனைவி வந்து பழைய சாமான் எடுப்பார்கள். அவர் வண்டியை மிதிப்பார், அந்த அக்கா பின்னால் நடந்து குரல் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.

"இதெல்லாம் எங்கண்ணா போகும்?" என்று கேட்டேன்.

"பிரிச்சு கம்பெனிக்குப் போவும்மா. ஒண்ணும் வேஸ்ட் ஆவாது," என்றார் அவர். மகள் கையசைத்தாள். அவரும் அசைத்தார்.

சாயங்காலம் புகை வந்தது. எங்கள் கட்டடத்தின் பின் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் உண்டு. அவ்வப்போது அங்கே யாராவது ஏதாவது கொளுத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது அப்படி அடங்கவில்லை. கருகருவென்று, கொழுத்த புகை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்தேன். அதற்குள் அறைக்குள் வந்துவிட்டது. நெபுலைசரைப் போட்டேன். அவள் மாஸ்க்கைத் தள்ளினாள். தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அழக்கூட மூச்சில்லாமல் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

கணவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் இறங்கினார். போகாதீர்கள் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் போங்க," என்றுதான் சொன்னேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். தெருமுனைக்கு அந்தக் காலி இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கீழ் வீட்டுக்காரரும் கணவரும் முன்னே நின்றார்கள், பின்னால் கட்டடத்து ஆண்கள் சிலர். கீழ் வீட்டுக்காரர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், பெரிய உடம்பு. நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளை எனக்கு உடனே தெரிந்தது. காலையில் மகளுக்குக் கையசைத்தவர்.

"எவன்டா இங்க கொளுத்தச் சொன்னது? உங்கப்பன் வூட்டு எடமா?" என்றார் கீழ் வீட்டுக்காரர்.

"அஞ்சு நிமிசம்ணா, அணைஞ்சுரும்," என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் அவர் வாயில் குத்தினார். பல் உதட்டில் இறங்கி ரத்தம் தாடையில் வழிந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. மறுபடி அடித்தார். கன்னத்தில், காதில், குனிந்தபோது பிடரியில். இடுப்பில் என் மகள் விசிலடிப்பதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் அடியுங்கள் என்றுதான் என் மனதுக்குள் ஓடியது.

அந்த அக்கா, ஒயரைக் கிளறும் இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு நடுவில் வந்தார். அதன் முனை சிவந்திருந்தது. "கிட்ட வா பாக்கலாம். மூஞ்சிய கிழிச்சிருவேன்," என்று வீசினார். கொக்கி கணவரின் சட்டையைத் தொட்டு, தோளில் கருகிய கோடு போட்டது. யாரோ மீன்பாடி வண்டியைச் சாக்கடைக்குள் தள்ளினார்கள். கீழ் வீட்டுக்காரர் பின்னாலிருந்து அந்த மனிதரை எட்டி உதைத்தார். அவர் முன்பக்கமாக விழுந்தார். வலது கை எரிகிற ஒயர்க் கட்டுக்குள் போனது. வெளியே எடுத்தபோது உருகிய பிளாஸ்டிக் விரல்களில் ஒட்டி எரிந்தது. அவர் கத்தவில்லை. கையை மண்ணில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தோலும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் பச்சைத் திரைச்சீலைப் பை ஓரமாகக் கிடப்பதைப் பார்த்தேன். அந்த அக்கா என்னைப் பார்த்தார்.

"தோ நிக்குது பாரு. இந்தம்மாதான் குடுத்துச்சு, கேளு," என்றார் என் கணவரிடம். "உங்க வூட்டு ஒயருதான் எரியுது. நல்லா மோந்து பாரு நைனா."

எல்லோரும் திரும்பினார்கள். "ஆமாங்க, காலைல நான்தான் கொடுத்தேன்," என்றேன்.

"கொழந்தைய தூக்கினு போ," என்றார் கணவர். நான் நகரவில்லை. அவர் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை இன்னொரு முறை தலையில் அடித்தார். நான் ஓடினேன்.

கிளினிக்கில் மகளுக்கு மருந்து ஏறி, மூச்சிரைப்பு மெல்லத் தணிந்துகொண்டிருந்தபோது என் கணவரின் பைக் வந்து நின்றது. பின்னால் அந்த மனிதர், அவருக்குப் பின்னால் அந்த அக்கா. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக் அது ஒன்றுதான். டாக்டர் அந்த மனிதரின் விரல்களிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுக்கும்போது, அவர் துள்ளாமல் இருக்க என் கணவர்தான் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார். "பாப்பாக்கு எப்டி கீது?"

"பரவால்ல. ஏன்க்கா கொளுத்துறீங்க? செம்ப உரிச்சு எடுக்கக் கூடாதா?"

"ஒரு கட்டு ரெண்டு கட்டுன்னா குந்திகினு உரிச்சிருவேன். நீ மூட்ட கட்டிக் குடுத்தா என்னா பண்றது? நீ வந்து உரிச்சுத் தரியா?"

ஒவ்வொரு வீடும் தனித்தனியே கொடுத்திருந்தால் நெருப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். நான்தான் எட்டு வீட்டையும் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள், பெட்டியில் புதிதாக விழுந்த ஒயரை நானே உரித்துப் பார்த்தேன். தடிமனான ஒயர் சுலபமாக உரிந்து வந்தது. சார்ஜர் ஒயருக்குள் தலைமுடிபோலச் செம்பு, தோலோடு பிய்ந்தது. கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். உரித்த தோலை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் விரலைக் கழுவியபோது எரிந்தது. கணவர் பார்த்தார், இந்த முறை கேலி செய்யவில்லை.

குழுவில் நான் எதையும் மாற்றி எழுதவில்லை. அடிதடிக்குப் பிறகு அதில் யாருமே எதுவும் எழுதவில்லை. ஆனால் பழக்கம் நின்றுவிடவில்லை. வாசல் பெட்டியில் ஒயர் விழுந்துகொண்டே இருந்தது.

போன வாரம் அந்த அக்கா மட்டும் கதவைத் தட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"அவரு கையி இன்னும் மடங்கல. மிதிக்க முடியல. பொட்டி ரொம்பி கீதே, குடும்மா. இங்க கொளுத்த மாட்டோம். தண்டவாளத்துக்கு அந்தாண்ட வெச்சுக்குறோம்."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். நடுவில் ஒரு பால்வாடி.

"எங்க வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்க்கா."

"எவரு, எங்காள அடிச்சாரே அவரா?" என்று சிரித்தார். "கேளு. ஞாயித்துக்கெழம வரேன்."

கணவரைக் கேட்டேன். "எல்லாத்தயும் குப்பைல போடு. யாரும் வர வேணாம், யாரையும் அடிக்க வேணாம்," என்றார். குப்பையில் போட்டால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மின்சாமான் கழிவை வீட்டுக்கே வந்து எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எங்கள் பின்கோடைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் வண்டி வராது என்றார்கள். பெட்டியைக் கொடுத்தால் பால்வாடிப் பிள்ளைகளில் ஒன்று என் மகள் மாதிரி மூச்சு விடும். கொடுக்காவிட்டால், கை வெந்த மனிதருக்கு அந்த வார வருமானமும் இல்லை. அந்தக் கையை வேக வைத்ததில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. கட்டடத்து ஆட்களிடம் சொல்லி அவருக்கு ஏதாவது வசூலித்துக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுத்தால் ஒயரைக் கேட்பதை நிறுத்துவார்களா? நிறுத்தச் சொல்ல நான் யார்? இப்படியே யோசித்துப் பெட்டியை மூன்று இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அறுந்த ஒயரை என்ன செய்கிறீர்கள்? கொளுத்தாமல் செம்பு எடுக்கும் இடம், வடசென்னைக்கு வண்டி அனுப்புகிற இடம், அல்லது அந்த அக்காவே போய்க் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளக்கூடிய இடம் யாருக்காவது தெரியுமா? அப்படி எதுவும் இல்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து நிற்கும்போது பெட்டியைக் கொடுக்கட்டுமா, கூடாது என்று சொல்லட்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.