நீலப் பெயிண்டுக்கு அடியில் ஒரு கிட்டார்

1. சாக்கில் வந்தது

மல்லிகா என் கடைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு அரிசிச் சாக்கு இருந்தது. சாக்கின் வாயிலிருந்து ஒரு கிட்டாரின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க அதை என் மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, இத மொதல்ல பாருங்க. எங்க வீட்டுக்காரரு உப்புத்தாள வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. புடுங்கிட்டு பஸ் ஏறிட்டேன்."

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் கடை நடத்தினேன். மைக்செட்காரர்கள், சர்ச் பாடகர் குழுக்கள், திருவிழாக் கச்சேரி ட்ரூப்புகள் எல்லாரும் வாடிக்கை. கீபோர்டோ கிட்டாரோ, எது ஊமையானாலும் என்னிடம் வந்து பேசிவிட்டுத்தான் போகும். இப்போது கடையை விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் "பழைய கிட்டாருக்கு எப்படிண்ணே விலை போடுறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் தற்பெருமை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகாவுக்குக் கீரனூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். கீரனூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடை காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் கடை மல்லிகாவுக்கு, இல்லையென்றால் ஜெராக்ஸ் கடை வைக்கக் காத்திருந்த இன்னொருவருக்கு. நகை எல்லாம் ஏற்கனவே பேங்கில் இருந்தது. மிச்சம் இருந்தது இறந்துபோன அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றுதான்.

பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் திருச்சி வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு ஆறாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். மல்லிகாவின் கணவர் முருகேசன் அதை எட்டாயிரம் ஆக்கலாம் என்று உப்புத்தாளைக் கையில் எடுத்திருக்கிறார்.

சற்று நேரத்தில் முருகேசனே பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் உப்புத்தாள் அப்படியே இருந்தது. லோடு ஆட்டோ ஓட்டுபவர், கோபக்காரர் இல்லை, கொஞ்சம் அவசரக்காரர்.

"என்னண்ணே தப்பு? வண்டி விக்கிறதுன்னா டிங்கரிங் பாத்து பெயிண்ட் அடிச்சுத்தான விப்போம். அழுக்கா இருந்தா எவன் வாங்குவான்?"

"தம்பி, அந்தத் தாள இங்கிட்டுக் குடுங்க" என்று வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பழைய கிட்டார்களைக் கரையான் அரித்து நான் பார்த்தது குறைவு. விற்பதற்கு முன்னால் பளபளப்பாக்குகிறேன் என்று சாகடித்துப் பார்த்ததுதான் அதிகம்.

2. மூலையில் ஒரு சிவப்பு

உண்மையைச் சொல்கிறேன், பார்த்தவுடன் நானும் லோக்கல் கட்டை என்றுதான் நினைத்தேன். உடம்பு, தலை எல்லாம் இரும்பு கேட்டுக்கு அடிக்கிற நீல எனாமல். பிரஷ் இழுத்த கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் குமிழ்களின் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. கம்பிகள் துருப்பிடித்திருந்தன.

முருகேசன் தேய்த்த மூலையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே நீலத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய சிவப்பு விளிம்பு ஒன்று தெரிந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால், அந்தச் சிவப்பில் பிரஷ் கோடே இல்லை. ஸ்ப்ரே அடித்த, ஃபேக்டரிச் சிவப்பு. அவ்வளவு சுத்தமான வேலையின் மேல் கேட்டுப் பெயிண்டைப் பூச யாருக்கு மனசு வரும்? தங்கத்துக்குப் பித்தளை முலாம் பூசியது மாதிரி இருந்தது.

"திறக்கலாமாம்மா?" என்று மல்லிகாவைக் கேட்டேன். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. தலையாட்டினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டேன். இதையும் பழகிக்கொள்ளுங்கள்.

முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினேன். பெயிண்ட் அடித்தவர் அந்தத் தகட்டைக் கழற்றாமல், அதைச் சுற்றி மட்டும் பூசியிருக்கிறார். அடியில் நீலம் ஒரு சொட்டு இல்லை. குங்குமச் சிவப்பு, நேற்று அடித்தது போல.

முருகேசன் "யாத்தீ" என்றார்.

அடுத்து பாட், அதாவது வால்யூமும் டோனும் திருகுகிற குமிழுக்கு அடியில் இருக்கும் பகுதி. அதன் முதுகில் ஏழு எண்கள் அச்சடித்திருக்கும். முதல் மூன்று அந்த பாட்டைச் செய்தவரின் அடையாளம், அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். இதில் வருடம் அறுபத்தாறு என்று இருந்தது. இதை மட்டும் வைத்துக் குதிக்கக் கூடாது. பாட் பிறந்த பிறகுதான் கிட்டார் பிறந்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பாட்டை யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் ஒயரைப் பற்றவைத்த சோல்டரைப் பார்த்தேன். மறுபடி சூடு காட்டிய அடையாளமே இல்லை. பிறகு நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைக் கழற்றினேன். அதன் அடிப்பகுதியில் அதே வருடத்தின் முத்திரை இருந்தது. பின்பக்கத் தகட்டில் நீலத்துக்கு அடியில் பதிந்து கிடந்த கம்பெனி அடையாளமும் சீரியல் நம்பரும் லென்ஸில் தெரிந்தன. மல்டிமீட்டர் வைத்தேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டும் உயிரோடு இருந்தன.

நாலு சாட்சி, நாலும் ஒரே பேச்சு. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

3. மல்லிகாவின் அம்மா சொன்னது

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. யார் பூசினது இந்த நீலம்? திருட்டுச் சரக்கை மறைக்கவும் பெயிண்ட் அடிப்பார்கள். அது தெரியாமல் விலை போட என் கை வராது. நான் கேட்டதும் மல்லிகாவின் முகம் வாடிவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆத்தா, அப்பா கிட்டாருக்கு நீலப் பெயிண்ட் அடிச்சது யாரு?"

"ஒங்கப்பாதான். வேற யாரு? சிங்கப்பூருல மொதலாளி வீட்டுப் பய படிக்கப் போறப்ப வித்தான்னு சம்பளத்துல கழிச்சு வாங்குனாரு. கப்பல்ல வாரப்ப, புதுசா இருந்தா கஸ்டம்ஸ்ல வரி போட்டுத் தீட்டிருவாங்கன்னு பயந்து, கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட வாங்கிப் பூசிட்டாரு."

"இத ஏன் ஆத்தா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? இது ரொம்ப வெலை போவும், கஷ்டம்னா வித்துக்கன்னு அவரு சொன்னப்பவே ஊரு சிரிச்சுச்சு. பன்னெண்டு வருசம் சிங்கப்பூரு போயி ஒரு கட்டையத் தூக்கிட்டு வந்தவன்னு அவருக்குப் பேரு. எனக்குக் கட்டைக்காரன் பொண்டாட்டின்னு பேரு. பொறவு நான் எதுக்கு வாயத் தொறக்குறேன்?"

போனை வைத்த பிறகு மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் ஊருக்கு வந்தபிறகும் நீலத்தை உரிக்கவில்லை. கஸ்டம்ஸ்காரன் என்றைக்காவது வீட்டுக்கே வந்துவிடுவான் என்ற பயம் கடைசி வரைக்கும் போகவில்லையாம். அந்த நீலத்தோடுதான் திருவிழா மேடைகளில் வாசித்திருக்கிறார்.

நான் லென்ஸ், மீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் எடுத்துத் தேடியதில் பாதியை அந்த அம்மா ஒரு போனில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பழைய பொருள் எது வந்தாலும், முதலில் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் அனுப்பினேன்.

4. மூன்று விலை

பழைய பொருளுக்கு மூன்று விலை உண்டு. இன்டர்நெட்டில் போட்டிருக்கும் விலை ஆசை விலை. வியாபாரி சொல்வது பசி விலை. உண்மையில் கை மாறியது எதுவோ அதுதான் விலை. விற்றுப் போனவற்றை மட்டும் தேடினேன். சென்னையிலும் பெங்களூரிலும் கிட்டார் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களுக்கு எல்லாப் போட்டோக்களையும் அனுப்பினேன். நல்ல பக்கத்தை மட்டும் அனுப்பவில்லை. உப்புத்தாள் பட்ட மூலை, கம்பியை முறுக்குகிற டியூனிங் கீ ஒன்று மாற்றியிருந்தது, கழுத்தில் தேய்ந்த ஃப்ரெட் கம்பிகள் எல்லாம் போயிற்று.

இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே மாதிரிதான் சொன்னார்கள். மேலே பெயிண்ட் பூசியதால் பாதி விலை போயிற்று, உள்ளே எதையும் தொடாததால் மீதிப் பாதி பிழைத்தது. மூன்றிலிருந்து மூன்றரை லட்சம் வரை நியாயம். முருகேசன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

சென்னை நண்பர் மூலம், ஸ்டூடியோவில் வாசிக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பதாகத்தான் சொன்னார், வாங்குவதாகச் சொல்லவில்லை.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, வியாழக்கிழமை திருச்சி வியாபாரி என் கடைக்கே வந்துவிட்டார். மல்லிகாவும் முருகேசனும் இருந்தார்கள். கிட்டாரைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "சரி, பத்தாயிரம்" என்றார். நான் டீ சொன்னேன். டீ வருவதற்குள் பதினைந்து ஆனது. குடித்து முடிப்பதற்குள் முப்பது.

"ரொக்கமா இப்பவே தாரேன். நாளைக்கு இந்த வெலை இருக்காது பாத்துக்கங்க" என்றார்.

முப்பதாயிரம் இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். கடை கைக்கு வந்துவிடும். முருகேசன் மனைவியின் முகத்தையே பார்த்தார். "வாங்கிரலாம் மல்லி. அந்த மெட்ராசுக்காரரு வரலைன்னா ரெண்டும் போயிரும்."

நான் வாயைத் திறக்கவில்லை. விலை என்ன என்று சொல்வது என் வேலை. விற்கலாமா என்பது சொந்தக்காரர் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டிய சர்வீஸ்காரன் நல்ல பேர் எடுத்ததில்லை. ஆனால் உள்ளுக்குள் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மல்லிகா வியாபாரியைப் பார்த்துக் கேட்டார். "ஆறாயிரம் போவும்னு சொன்ன பொருளுக்கு முப்பதாயிரம் குடுக்குறீங்களே, ஒங்களுக்கு நட்டமில்லையா?"

அவர் சிரித்து மழுப்பினார்.

"வேணாங்க. நீங்க நட்டப்பட வேணாம்" என்று சொல்லி மல்லிகா கிட்டாரைச் சாக்கில் போட்டார்.

5. வெள்ளிக்கிழமை

சென்னைக்காரர் சொன்னபடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சு குறைவு. மல்லிகா தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். பாக்கியம் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டாரின் குறைகளை முதலில் நானே எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். தகட்டைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்தபோது அவர் கண் விரிந்ததை நான் கவனித்தேன். அப்புறம் புதுக் கம்பி மாட்டி, என் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார்.

என்னவென்று சொல்ல? கடைக்கு வெளியே பூ விற்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பாக்கியம் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் எத்தனையோ கிட்டார்களைப் பேச வைத்தவன், அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ரேட்டு என்னங்க?" என்றார் அவர்.

"மூணு லட்சத்து நாப்பதாயிரம்" என்றார் மல்லிகா.

"மூணு ரவுண்டா முடிச்சுக்கலாமா?"

"நான் மாவு விக்கிறவங்க. கொசுறு குடுப்பேன், வெலையக் கொறைக்க மாட்டேன்" என்று சொல்லி, அப்பா தோளில் மாட்டிய தோல் பட்டையைப் பையிலிருந்து எடுத்து கிட்டாரின் மேல் வைத்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மல்லிகாவின் போனில் பேங்க் மெசேஜ் வந்து விழுந்தது. முருகேசன் அதை வாங்கி, பூஜ்யங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

கிளம்பும்போது சென்னைக்காரர் பாக்கியம் அம்மாவிடம் போய் நின்றார். "அம்மா, இந்த நீலத்த என்ன பண்ணட்டும்? ஐயா பூசினது. நீங்க சொன்னா அப்படியே வச்சுக்கிறேன்."

அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உரிச்சிருங்க தம்பி. இனிமே எவனுக்குப் பயப்படணும்?"

அன்று சாயங்காலமே கீரனூர் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பாக்கியம் அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கி, கட்டைக்காரன் என்று சிரித்த டீக்கடைக்குப் போய், வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, தொகையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாராம்.

6. பிள்ளைகளுக்கு

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். முதலில் கேளுங்கள், பிறகு திறங்கள், பிறகு விலை போடுங்கள். அதுவரைக்கும் ஈரத் துணிகூட அதன் மேல் படக் கூடாது. குறையை நாமே சொல்லிவிட்டால் வாங்குகிறவர் நிறையை நம்புவார்.

சென்னைக்காரர் பின்னால் ஒரு போட்டோ அனுப்பினார். நீலம் முழுதும் போய், சிவப்பாக நிற்கிறது கிட்டார். சிவப்பு அங்கங்கே போயிருக்கிறது, ஆனாலும் சிவப்புதான். மல்லிகா அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாவுக் கடையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

போன மாதம் முருகேசன் தன் பழைய லோடு ஆட்டோவை விற்கப் போவதாகச் சொன்னார். பெயிண்ட் அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவசரம் என்னண்ணே" என்றார். "அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டு அடிப்போம்."