பாண்டிலட்சுமியின் வலது கண்

பாண்டிலட்சுமி தண்ணீர்த் தொட்டியை நெருங்கும்போதுதான் அவள் புருசன் மொக்கைச்சாமி இடுப்பில் மிதித்தான்.

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற பட்டாசுக் கம்பெனி அது. தீபாவளி சீசன். அவன் போர்மேன். அவளுக்குக் காகிதக் குழாய்களில் வெடிமருந்து அடைக்கிற வேலை. அன்றைக்கு ஒரு குழாய் கையிலேயே சீறிவிட்டது. இடது கண்ணில் தீ அடித்தது, வலது கண்ணில் பொடி அப்பியது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டான்.

"தண்ணி பட்டா பத்திக்கிரும்டீ! கண்ணு வெந்து போகும்!"

அப்புறம் அவளைப் புரட்டிப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் வலது கண்ணை அழுத்தித் தேய்த்தான். அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

அவனைச் சும்மா திட்டிவிடவும் முடியாது. ஈரக்கையோடு அலுமினியப் பவுடரைத் தொட்டால் குவியல் தன்னாலே சூடேறும், அப்புறம் அந்த அறை இருக்காது. இந்தப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். மொக்கைச்சாமியின் அண்ணன் அப்படித்தான் போனான். முள்வேலியில் மாட்டியிருந்த சதையைக் கம்பால் தட்டி எடுத்தார்கள். எடுத்தவன் மொக்கைச்சாமி.

கம்பெனி வேன் ஓட்டுகிறவன் நான். அவளைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். இடது கண் போய்விட்டது. வலது கண்ணின் கருவிழி சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்தது. டாக்டர் யோகேஸ்வரி, பிரசவத்தில் கழிகிற பனிக்குடச் சவ்வை அந்தக் கண்மேல் போர்த்தித் தைத்தார்.

"இது ஒட்டுற வரைக்கும் கண்ணு அசங்கக் கூடாது. அடி பட்டுச்சுன்னா இந்தக் கண்ணும் போயிரும்" என்றார்.

பட்டாசு வேலையில் கருவிழி வெந்தவர்களைப் பற்றித்தான் அந்தம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி: "பட்டதும் முதல்ல என்ன செஞ்சீங்க?" எல்லாரும் ஒரே பதில்: "கழுவினோம்." டாக்டரிடம் வேறு என்ன சொல்வார்கள்? அந்தம்மாவுக்கோ பிடிபடவில்லை. உடனே கழுவின கண் இம்புட்டு வேகாதே.

மொக்கைச்சாமியும் அதையே சொன்னான். "குடம் குடமா ஊத்துனேன் டாக்டரம்மா."

கட்டிலில் இருந்து பாண்டிலட்சுமி சொன்னாள், "பொய்யி. தண்ணிக்கு ஓடுனவள மிதிச்சுத் தள்ளுனாரு. துண்டால தேச்சாரு."

"கம்பெனிக்குப் பூட்டுப் போட வைக்கப் பாக்கியா? எந்திரிடீ, வீட்டுக்குப் போவோம்!"

கூந்தலைப் பிடித்து இழுத்தான். குறுக்கே வந்த டாக்டருக்குக் கன்னத்தில் விழுந்தது அறை. அவர் மூக்குக்கண்ணாடி தெறித்துச் சுவரில் மோதி உடைந்தது. பாண்டிலட்சுமி ஒரு கையால் வலது கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தடவித் தடவி குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடுங்கினாள்.

"பேசுலே! பேசு! பேசினாத்தான நீ எங்கன நிக்கேன்னு தெரியும்!"

அந்த மடையன் பேசினான். "புருசன ஏலேங்கியா?" என்று அவன் வாயைத் திறந்த இடத்திலேயே கம்பி இறங்கியது. முன்பல் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. வாயெல்லாம் ரத்தம். நானும் காவலாளியும் அவனைத் தூக்கி வெளியே போட்டோம்.

டாக்டர் வீங்கின கன்னத்தோடு முதலில் அவள் கண்ணைத்தான் பார்த்தார். தையல் பிரியவில்லை. அடுத்து கேட்டது, "துண்டால எந்தப் பக்கமாத் தேச்சாரு?"

"அடி வாங்கிட்டுக் கேக்குற கேள்வியா இது டாக்டரம்மா?" என்று நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளில் இருந்து அந்தம்மா கேள்வியை மாற்றினார். "துண்டால துடைச்சீங்களா, சேலையால துடைச்சீங்களா?" ஒவ்வொருத்தராகத் தலையை ஆட்டினார்கள். துடைக்கத் துடைக்கப் பொடி கருவிழியை அறுத்து உள்ளே இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா கம்பெனி கம்பெனியாக வந்து கத்தினார்: "குவியல்ல தண்ணி படக் கூடாது, சரி. கண்ணுல விழுற ஒரு சிட்டிகைக்கு நல்லா ஊத்தணும்! அறைய விட்டு வெளிய வந்து ஊத்துங்க!" எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்பது வேறு.

பாண்டிலட்சுமிக்கு வலது கண்ணில் பார்வை புகைமூட்டமாகத் திரும்பியது. அக்கா வீட்டில் இருந்துகொண்டு, அதே கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு வந்தாள். புருசனிடம் பேச்சில்லை.

அடுத்த சீசனில் அவன் கண்ணிலும் விழுந்தது. சலித்துக்கொண்டிருந்த பொடி முகத்தில் கொட்டிவிட்டது. அலறிக்கொண்டு வெளியே வந்தவன் கை தோள் துண்டுக்குத்தான் போனது. பெட்டி ஷெட்டில் இருந்து பாண்டிலட்சுமி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இடுப்பில் ஒரு மிதி. மல்லாந்து விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். கூடப் பெட்டி ஒட்டுகிற வெள்ளைத்தாய் அவன் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடீ! வெந்துரும்! கொல்லப் பாக்கா!"

"கண்ணத் தொறலே!"

தண்ணீர்த் தொட்டியில் மாட்டியிருந்த ரப்பர் குழாயை இழுத்து, விரலால் இமையை விரித்து, தண்ணீரை விட்டாள். கையைக் கடித்தான். மூக்கிலே ஒரு குத்துக் குத்திவிட்டு மறுபடியும் விட்டாள். அவன் அடங்கி அழ ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். இரண்டு கருவிழியும் தெளிவாக இருந்தன.

"முதல்ல என்ன செஞ்சீங்க?"

"மிதிச்சா. பெறகு கழுவுனா" என்றான், ஓட்டைப் பல்லோடு.

கீழே வேனில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடிபட்ட கையில் சேலை முந்தியைச் சுற்றியிருந்தாள். அவன் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்கு வாரியா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கத் தலையை இடது பக்கம் திருப்பி வலது கண்ணைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நன்றாகப் பார்த்தாள்.

"உனக்கு ரெண்டும் தெரியுதுல்ல, நடந்து போ" என்றாள். என்னைப் பார்த்து, "வண்டிய எடுங்கண்ணே."

எடுத்தேன்.