மேனுவலில் இல்லாத கைப்பிடி

பழைய மிலிட்டரி வண்டியைத் தூக்கி நிறுத்துகிற பைத்தியம் பிடித்தவனுக்குத் துருவும் பழகிவிடும், வீட்டுத் திட்டும் பழகிவிடும்; வண்டிக்குள் யாரோ இருக்கிற மாதிரி தோன்றுமே, அது மட்டும் பழகவே பழகாது. இந்த நோயில் விழுந்த சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

தென்காசியில் எனக்குப் பம்ப்செட் கடை, வீடு இலஞ்சியில். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை. ஊரில் எல்லோரும் ஜீப் தேடி அலைகிறபோது நான் ராணுவ ஆம்புலன்சை ஏலத்தில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். வடக்கே ஏதோ ஒரு மலையில் அடிபட்டு, கீழே இறக்கிக் கொண்டுவருகிற வழியில் ஆம்புலன்சிலேயே போய்விட்டான். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மதினி எங்களோடுதான் இருக்கிறாள். பட்டாளத்துக்காரர் யாரைப் பார்த்தாலும் அன்றைக்குக் கேட்டதையேதான் இன்றைக்கும் கேட்பாள்: "அவிய பக்கத்துல ஆராவது இருந்தாவளா, இல்ல தனியாத்தான் போனாவளா?" அண்ணன் வந்த வண்டி எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஒன்றைச் செய்து காட்டினால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வண்டி வந்து இறங்கின அன்றோடு மதினி கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

பச்சைக்கு அடியில்

பெயிண்டைச் சுரண்டுவதுதான் இந்த வேலையிலேயே ருசியான கட்டம். டிங்கர் எசக்கியும் நானும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் சிவப்புச் சிலுவை. எனக்கு ஒரே குஷி. போனில் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் அனுப்பினேன். எசக்கி மட்டும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்ட்ரெச்சர் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். டீ வந்தது, ஆறிப் போனது, அவன் தொடவில்லை. "என்னலே?" என்றேன்.

"ஆளுவள ஏத்திட்டுப் போற வண்டி வேற, அண்ணாச்சி. இது திருப்பிக் கொண்டாந்த வண்டில்லா."

கிரைண்டர் வேலை

உள்ளே இடது பக்கம், கீழ்த் தட்டுக்கு மேலே சுவரில் ஒரு கைப்பிடி இருந்தது. சாதாரண இரும்புக் கம்பி. இரண்டு முனையையும் வளைத்து யாரோ அவசர அவசரமாக வெல்டு வைத்திருந்தார்கள். மேனுவலைப் புரட்டினேன், அதில் இல்லை. மேனுவலில் இல்லாத ஒரு போல்ட் இருந்தால்கூடப் பழைய வண்டிக் கண்காட்சி நடுவர்கள் மார்க்கைக் கிள்ளிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? அதோடு எனக்கு அண்ணன் வந்த மாதிரியே வண்டி வேண்டும், கண்டவன் ஒட்டவைத்த கம்பியெல்லாம் எதற்கு? அறுத்துத் தள்ளுடா என்றேன். எசக்கி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நானே கிரைண்டரை எடுத்தேன்.

பொறி பறந்து கைப்பிடி ஸ்ட்ரெச்சர் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, கம்பி பாதிக் கனம்தான் இருந்தது. காயலான் கடைக்குப் போடுகிற டிரம்மில் வீசினேன். எசக்கி அது விழுந்த சத்தம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தான்.

"புடிச்சுப் புடிச்சே தேஞ்சிருக்கு. புடிச்சவன் திரும்பி வந்தா இனி எதப் புடிப்பான், அண்ணாச்சி?"

ஒட்டாத பெயிண்ட்

அறுத்த இடத்தை மட்டப்படுத்தி, பிரைமர் போட்டு, வெள்ளை அடித்தோம். மறுநாள் காலையில் அந்த இடம் மட்டும் கொப்பளித்து உரிந்து கிடந்தது. சீசன் நேரம், குற்றாலத்துச் சாரல் இலஞ்சி வரைக்கும் வந்து நசநசவென்று இருக்கும். ஈரத்தில் அடித்தால் எப்படிடா ஒட்டும் என்று எசக்கியைத் திட்டித் தீர்த்தேன். விளக்கு வைத்துக் காயவைத்து மறுபடியும் அடித்தோம். மறுபடியும் உரிந்தது. உரிந்த இடம் ஓர் உள்ளங்கை அகலம், அதற்கு மேலே நாலு கோடாக நீண்டிருந்தது. பயம் வந்தால் நான் சத்தம் போடுகிற ஜாதி. எண்ணெய்ப் பிசுக்குடா, தின்னர் போட்டுத் துடை என்று கத்தினேன். எசக்கி துடைத்துவிட்டுத் துணியை என் பக்கம் நீட்டினான்.

"எண்ணெய் இல்ல அண்ணாச்சி, வேர்வை. மோந்து பாருங்க."

மண்டிக்காரர் தூக்கம்

உரிந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, வண்டியை முதலில் காட்சிக்கு நிறுத்தியது குற்றாலத்தில், அருவிக்குப் போகிற ரோட்டோரம். தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக வந்து புதுப் பெயிண்டில் சாய்ந்து செல்பி எடுக்கிறவர்களை என்ன செய்வது? திட்டவும் முடியாது, வண்டியைப் பார்க்க வந்த மகாராஜாக்கள். துணைக்கு வந்திருந்த சண்முகம் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார், என் சேக்காளி. மத்தியானம் புரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு இடது பக்கக் கீழ்த் தட்டில் கட்டையைச் சாய்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறார், இடது கை மட்டும் சுவரோரமாக மேலே தூக்கி நிற்கிறது. விரல்கள் மடங்கி, எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி. கீழே விழவே இல்லை. வெளியே பிள்ளைகள் கூச்சலும் அருவிச் சத்தமுமாகப் பட்டப்பகல். உலுக்கி எழுப்பினேன். கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அங்கே கைப்பிடி இருந்த விஷயமே அவருக்குத் தெரியாது.

"என்னவே, புடிச்சுக்கிட்டுத்தான தூங்குனேன், கம்பிய எங்கவே கழத்துனீரு?"

செக்போஸ்டில்

கொல்லம் பக்கம் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செங்கோட்டை தாண்டி மலை ஏறுகிற இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். ஆர்சி புக், இன்ஷூரன்ஸ், ஏலப் பேப்பர் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்தேன். அவர் ஒன்றையும் கேட்காமல் பின்பக்கம் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பின்னால் மடித்து வைத்த ஒரு கம்பளியைத் தவிர ஒன்றுமே கிடையாது. திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், குரலும் தணிந்துவிட்டது.

"ஆள் படுத்திருக்காருல்லா சார், வளைவுல மெதுவாப் போங்க."

சிவகிரிக்காரர்

செக்போஸ்ட் சங்கதியை நான் வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சுதந்திர தினத்துக்குத் தென்காசியில் ஒரு மைதானத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது வயசானவர் ஒருவர் வந்தார். சிவகிரிக்காரர், ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் கேட்கக்கூட இல்லை, பின்னால் ஏறித் தட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பார்க்காமலேயே கையைச் சுவருக்கு நீட்டினார். உரிந்த இடத்தில் கை பட்டதும் முகம் மாறிவிட்டது. "இங்கன இருந்த புடிய எங்க?" என்றார். மேனுவலில் இல்லை என்று சொன்னேன். "மேனுவல எழுதுனவன் மலையில எறங்குனானா?" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், சுற்றி நின்ற கூட்டமே விலகிவிட்டது.

அப்புறம் அவரே தணிந்து சொன்னார். மலையில் ஓடின வண்டிகளில் அவர்களே இப்படிக் கம்பியை வளைத்து வெல்டு வைத்துக்கொள்வார்களாம். இன்ஜின் இரைச்சலில் அடிபட்டவன் மூச்சு கேட்காது, அதனால் கையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்களாம். கம்பியைப் பிடித்திருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அண்ணன் விஷயத்தைச் சொல்லி, மதினி கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அண்ணன எனக்குத் தெரியாது தம்பி. ஆனா கம்பிய விட்ட ஒடனே எங்க கையத்தான் குடுப்போம், கீழ எறங்குத வரைக்கும் எடுக்க மாட்டோம், ஒருத்தரையும் தனியா விட்டதில்ல."

மதினி ஏறினாள்

வீட்டுக்கு வந்து மதினியிடம் அதை அப்படியே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அந்தக் கம்பி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். டிரம்மைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். எசக்கி கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து, பழைய தழும்பின் மேலேயே வெல்டு வைத்தான். வெள்ளையும் அடித்தோம். அதே சாரல், அதே ஈரம், இந்தத் தடவை அப்படியே ஒட்டிக்கொண்டது.

பெயிண்ட் காய்ந்ததும் மதினி கொட்டகைக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி, சிவகிரிக்காரர் உட்கார்ந்த அதே இருக்கையில் உட்கார்ந்தாள். கைப்பிடியை அவள் தொடவில்லை. அதற்குக் கீழே, வெறுந்தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் மெதுவாக மூடின. அவள் மூடின மாதிரி எனக்குத் தெரியவில்லை, யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டிய எடுங்க தம்பி, வளைவுல மெதுவாப் போங்க, நான் பக்கத்துல இருக்கேன்லா."

கண்காட்சியில் அந்தக் கைப்பிடிக்காக என் மார்க்கைக் கிள்ளத்தான் செய்தார்கள், சகோதரர்களே. நடுவரோடு சண்டை போடாமல் கும்பிடு போட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தது என் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான்.