கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே

எங்கள் தெரு இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமிருந்து ஏரியை நோக்கி இறங்கும். இறங்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் முனையில் பந்தைக் கோட்டை விட்டால் அது தானாகவே உருண்டு கடைசி வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும். அந்தக் கடைசி வீடு எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளருடையது. அதற்கு இரண்டு வீடு மேலே எங்கள் வீடு.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்', அவர் மனைவி 'அக்கா'. நான் பள்ளிக்கூட டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு மாலையில் வாசலில் நின்று பேசப் பொறுமை இருக்காது. சாருக்கு அது தெரியும். ஆனாலும் கேட்டைத் தட்டி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவார். நாளைக்குத் தண்ணீர் லாரி வராது, இன்றைக்கே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் கரண்ட் கட். ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து. வீட்டு வரிக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. இப்படி ஒவ்வொரு கேட்டாகப் போய்ச் சொல்வார்.

இத்தனைக்கும் தெரு முனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை இருந்தது. இரண்டு இரும்புக் குழாயை நட்டு அதை வைத்தவரும் சார்தான். நகராட்சி ஆள் சைக்கிளில் வந்து அறிவிப்பை அதில் ஒட்டிவிட்டுப் போவார். அதன் மேல் டியூஷன் நோட்டீஸ், அதன் மேல் காதணி விழா, அதன் மேல் 'வீடு வாடகைக்கு'. எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு பலகை இருந்தால் போதும், அதைப் படித்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது அறிவிப்புகளை எழுந்து நின்று வாசிப்பார்கள். பாதித் தூக்கத்தில் இருந்தாலும் காதில் விழுந்தே தீரும். தெருவுக்கு அப்படி வாசிக்கிறவர் சார். அவர் இருக்கிற தைரியத்தில் நாங்கள் எல்லோரும் சோம்பேறிகளாகிவிட்டோம்.

சாருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. ரோடு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் வீடு கட்டிய காலத்தில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும் என்பார். நாங்கள் குடிவந்தபோது ஒரு படிதான் மிச்சம். பிறகு அதுவும் போய் வாசலும் ரோடும் சமமாகிவிட்டன. இன்னொரு தடவை மேலே போட்டால் தெருத் தண்ணீர் முழுக்க அவர் கூடத்துக்குள்தான் போகும். மேட்டில் இருந்த வீடுகளுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுக்குப் புது ரோடு வந்தால் போதும், அது எத்தனை உயரத்தில் வந்தால் என்ன.

பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று சார் வருடக்கணக்கில் மனு கொடுத்துவந்தார். கடைசியில் ஒரு பொறியாளர் அவரை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அடுத்த முறை வேலை எடுக்கும்போது முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டுவோம், தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதில் சொன்ன தேதிக்குள் மனு கொடுங்கள், தோண்டிவிட்டுப் போட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம், தேதி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு சார் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். வழக்கமாக யார் வீட்டிலும் எதுவும் சாப்பிட மாட்டார். "நோட்டீஸ் மட்டும் ஒட்டட்டும் டீச்சர், ஒரே நாள்ல கையெழுத்து வாங்கிடுவேன்" என்றார்.

நோட்டீஸ் ஒட்டிய நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மார்வலி என்று சேர்த்தார்கள், வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர் இறந்த மறுநாள் காலையில் ரயில்வே நண்பர்கள் வந்து தாம்பரம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். எங்கள் பலகையிலும் ஒன்று. சட்டைப்பையில் பேனாவோடு, ஏதோ சொல்ல வாயெடுப்பது போன்ற முகம், பலகையின் முக்கால் பங்குக்கு. மைதாப் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அதற்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. போஸ்டரின் ஓரத்தில் நகராட்சி முத்திரையின் பாதி வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது.

அது எல்லோர் கண்ணிலும் பட்டது. பட்டதோடு சரி.

எங்கள் பக்கத்தில் துக்கப் போஸ்டரை யாரும் கிழிப்பதில்லை. கல்யாணப் போஸ்டர் மேல் கட்சிப் போஸ்டர், அதன் மேல் கோயில் கூழ் ஊற்றும் போஸ்டர் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டுவார்கள். ஆனால் இறந்தவர் முகத்தின் மேல் பசை தடவ யாருக்கும் கை வராது. காரியம் முடிகிற வரைக்கும் அந்த இடம் அவருக்கு. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை.

சங்கத்தின் துணைச் செயலாளர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அடியில் நகராட்சித் தாள் ஏதோ இருக்கிறது, போஸ்டரைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா என்று முதலில் பேச்செடுத்தவர் அவர்தான். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன்தான் அதை மறித்தார். சாருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்த மனுஷன், போஸ்டர் வெயிலில் சுருங்கக் கூடாதென்று ஓரங்களை ஈரத்துணியால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாரு மூஞ்சி கீது சார் அதுல. அத்தப் போயி நோண்டிகினு நிப்பாங்களா?"

துணைச் செயலாளர் கையை எடுத்துவிட்டார். வீட்டு வரி பற்றித்தான் இருக்கும், அது ஒன்றும் ஓடிப்போகாது என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நானும் அங்கே நின்றிருந்தேன். அவர்கள் வழக்கம், அவர்கள் சாமி, இதில் கிறிஸ்தவ வீட்டுக்காரி நாம் என்ன வாயைத் திறப்பது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அன்றே மகள் அக்காவை ஊரப்பாக்கத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி போஸ்டரை எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அக்கா ஒருநாள் திரும்பி வருவார், வரும்போது பலகையில் அவர் முகம் இல்லையென்றால் மனசு என்ன பாடுபடும் என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. அக்கா வந்து பார்க்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். நகராட்சித் தாளை எல்லோரும் மறந்தோம். மறந்தோம் என்பதுகூடச் சரியில்லை. யாராவது ஒருவர் எப்படியாவது தெரிந்துவைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். அந்த யாராவது ஒருவர் இத்தனை வருடமும் சார்தான், அவர்தான் போஸ்டரில் இருக்கிறார் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆடியில் ஜல்லி வந்து இறங்கியது. தெருவே திருவிழாக் கோலம் பூண்டது. சாரின் உழைப்பு வீண்போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். வேலையாட்களுக்கு மோர் கொடுத்தோம். ரோடு ரோலர் வந்த அன்று ஒருவர் மாலை வாங்கிவந்து பலகையில் சார் படத்துக்குப் போட்டார். பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியைக் கொட்டி நிரப்புவதைப் பார்த்தபோதுதான் துணைச் செயலாளருக்குச் சுருக்கென்றது. தோண்டவில்லையா என்று மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார். அந்த ஆள் மரியாதையாகவே பதில் சொன்னார். நோட்டீஸ் ஒட்டித் தேதியும் கொடுத்திருந்தார்கள், தெருவிலிருந்து ஒரு மனுவும் வரவில்லை, மதிப்பீடு போட்டு ஒப்பந்தமும் ஆகிவிட்டது, இனி எதையும் மாற்ற முடியாது. எங்கே ஒட்டினீர்கள் என்று இவர் கேட்க, அவர் பலகையைக் கை காட்டினார்.

மாலை போட்ட படம். அதன் ஓரத்தில் முத்திரையின் அந்தப் பாதி வட்டம்.

துணைச் செயலாளர் மறுநாள் லீவு போட்டுவிட்டு நகராட்சிக்கு ஓடினார். அவர்களும் பரிதாபப்பட்டார்கள். கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் திண்டு கட்டித் தருவதைத் தவிர அவர்களால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமிருக்கவில்லை. ரோடு பளபளவென்று வந்து முடிந்தது. எங்கள் வீட்டு வாசலுக்குச் சமமாக, அக்கா வீட்டு வாசலை விட முழங்கால் உயரம் மேலே.

தீபாவளிக்கு முன்பு அக்கா திரும்பி வந்தார். இனி அந்த வீட்டில்தான் இருக்கப்போவதாகவும், மகள் வீட்டில் எத்தனை நாள்தான் விருந்தாளியாக இருப்பது என்றும் என்னிடம் சொன்னார். கேட்டைத் திறந்து கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரோடு இப்படி வந்துவிட்டதே என்று மட்டும் சொன்னார். நாங்கள் நகராட்சியைத் திட்டினோம். அது சுலபமாக இருந்தது. பலகையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. வந்த அன்றே அந்தம்மாவின் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தோம்.

ஐப்பசி மழை முதல் வீச்சிலேயே கூடத்துக்குள் வந்துவிட்டது. திண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஏரிப்பக்கத்துப் பாசியும் கலந்து கட்டில் கால் வரைக்கும் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த புடவைகள் எல்லாம் ஊறிப்போயின. நாங்கள் நாலைந்து பேர் பக்கெட்டில் இறைத்தோம். இறைத்து ரோட்டில் ஊற்றினால் அது திரும்பவும் உள்ளேயே வந்தது. அக்கா சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றிருந்தார். அடுத்த மழைக்கும் அதே கதை. அதற்கு அடுத்த வாரம் மகளும் மருமகனும் வந்து பேசினார்கள். ஒண்டியாக இந்தத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசு வராது, வீட்டை விற்றுவிடலாம் என்றார்கள். அக்கா இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தார். மூன்றாவது மழையில் சரி என்றார். வாங்க வந்தவருக்கு வீடு தேவையில்லை, இடித்துவிட்டு மேடேற்றிக் கட்டப்போவதாகச் சொன்னார். முன்பணம் கைமாறியது.

விற்பதற்கு வீட்டு வரியை அக்கா பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக அவர் நகராட்சிக்குப் போனார். நான் உடன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அங்கே அந்தப் பழைய பொறியாளர் சார் பேரைக் கேட்டதும் எழுந்து வந்து பேசியிருக்கிறார். நோட்டீஸை உங்கள் தெருப் பலகையில்தானே அம்மா ஒட்டினோம், கண்டிப்பாக மனு வரும் என்று காத்திருந்தேன், கடைசி நாள் வரைக்கும் யாருமே வரவில்லையே என்று அவரும் வருத்தப்பட்டிருக்கிறார்.

அன்று பரீட்சை, எனக்கு அரைநாள் பள்ளி. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அக்கா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். துணைச் செயலாளரும் இஸ்திரி அண்ணனும் அவர் பக்கத்தில். போஸ்டர் வெயிலிலும் மழையிலும் வெளுத்து சாரின் முகம் நீலமாகிப்போயிருந்தது. துணைச் செயலாளர் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தார். சார் மேல் இருந்த மரியாதை, காரியம், அக்கா திரும்பி வரும்போது பார்க்க வேண்டுமே என்ற நினைப்பு. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அக்கா இடையில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார்.

பிறகு இஸ்திரி வண்டியிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் போஸ்டரின் தலைமாட்டில் ஊற்றினார். ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பிடித்து இழுத்தார். சாரின் முகம் நெற்றியோடு ஒரு துண்டும் தாடையோடு ஒரு துண்டுமாக வந்தது. இஸ்திரி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் இருந்த தாளில் பாதி எழுத்து பசையில் போய்விட்டிருந்தது, தேதி மட்டும் நன்றாகத் தெரிந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கிழித்த துண்டுகளை மடித்து வரி ரசீதோடு பைக்குள் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அவர் போட்டோ வீட்ல நாலு மாட்டியிருக்கு. இதை நானே கிழிச்சிருப்பேனே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஊரப்பாக்கம் ஒன்றும் தூரதேசம் இல்லை, தாம்பரத்தில் ரயில் ஏறினால் கால்மணி நேரம். அவர் மகள் வீட்டு போன் நம்பர் எங்கள் எல்லோரிடமும் இருந்தது.