ஜெசிந்தாவின் நெற்றிக்கு நான் வாங்கிய கிரீம்

ரோஜாப்பூ வாசம். அதற்கு அடியில் லேசான மருந்து நெடி. மூடியைத் திறந்ததும் ஜெசிந்தா கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள்...

"பெருநாளுக்குக் கோயிலுக்குப் போற மாதிரி இருக்குடி" என்றாள்.

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. நான் பதுளையில் நிருபராகச் சேர்ந்த முதல் வருடம் அது. ஜெசிந்தா அதற்கு முன்பே ஐந்து வருடமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

முதுகில் தொங்கும் கூடையின் கயிறு, தலையில் மடித்துப் போட்ட துணியையும் மீறி, நெற்றியின் மேல்பக்கத்தில் அழுந்தும். நாளாக நாளாக அங்கே ஒரு கறுத்த பட்டை விழும். லயத்தில் பெண்கள் எல்லோருக்கும் இருந்ததால், அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பதுளையில் ஜெசிந்தா வேலை கேட்டுப் போன துணிக்கடை முதலாளியின் கண்ணுக்குத் தெரிந்தது.

அவளுடைய கணக்கு, சிங்களம், பேச்சு எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் நெற்றியைப் பார்த்தார். "கஸ்டமருக்கு முன்னுக்கு நிக்கிற வேலைம்மா. மொகத்துக்கு ஏதாவது போட்டு, ரெண்டு கெழமை கழிச்சு வாங்க."

ஜெசிந்தாவுக்கு மலையிலிருந்து இறங்க இருந்த ஒரே வழி அந்த வேலைதான். நேராக என்னிடம் வந்தாள். "நீ டவுன்ல இருக்கிறவ. நீயே பார்த்து வாங்கிக் குடுடி."

பஜாரில் நான்கு கிரீம்களைத் திறந்து, ஒவ்வொன்றாக என் புறங்கையில் தடவிப் பார்த்தேன்.

என் கையில்.

என்னுடையது எண்ணெய் வழியும் முகம். பதுளைச் சூட்டில் பிசுபிசுக்காமல், தடவியதும் மறைகிற கிரீம்தான் எனக்கு ஒத்துப்போகும். அப்படி ஒன்றையே எடுத்தேன். நல்ல வாசம். ஏழே நாளில் நிறம் கூடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அவளுடைய தோலோ மலைக்காற்றில் காய்ந்து, கன்னத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடிய தோல். அது எனக்குத் தெரியாததல்ல. சிறு வயதிலிருந்து பார்த்த முகம்தான்...

தினமும் விடியற்காலையில் பூசிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள். பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், பூசிய இடத்தின் மேலேயே கயிறு. வெயில், வியர்வை, கயிற்றின் உரசல்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது நெற்றி சிவந்திருந்தது.

"எரியுதுடி" என்றாள்.

பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா வாசலிலிருந்தே சத்தம் கொடுத்தார். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சும்மா கெடந்தா அது கிரீமா, பச்சத் தண்ணியா? மிச்சம் வச்சிரு, நாளைக்கு எனக்கும் வேணும்!"

எங்கள் லயத்தில் ஒருத்தி வாங்கினால் அது எல்லோருக்கும். யாருக்கு ஒத்துப்போகும் என்ற பேச்சே கிடையாது.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். படித்தவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பார்வை அது.

"ரெண்டு நாள் பொறுடி, சரியாயிரும்" என்றேன்.

அதே வாரம், உடைந்த ஒரு பாலத்தின் நீளத்தை எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்திருந்தேன். இதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

முதலாளி சொன்ன இரண்டு வாரம் முடிந்தபோது பட்டை உரிந்து, முன்பைவிட அகலமாகக் கறுத்துப் போயிருந்தது. அதன்மேல் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள். கடைக்கு நானும் கூடப் போனேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். வேறொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஏறும்போது அவள் கேட்டாள்: "பவுடர் கொஞ்சம் கூடிப்போச்சோ?"

புண் ஆறாததால் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தோல் டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார். காய்ந்த தோலுக்கு வாசம் இல்லாத, கெட்டியான கிரீம் போதும் என்றார். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். புதிதாக எதையும் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, சில நாள் பார்க்க வேண்டும்.

"இத யாரும்மா வாங்கிக் குடுத்தது?"

"நானாத்தான் வாங்குனேங்க" என்றாள் ஜெசிந்தா.

இத்தனை வருடங்களில் பத்திரிகையில் நான் எழுதிய திருத்தங்கள் பல. அந்தப் பதிலை மட்டும் திருத்தவில்லை.

போன மாதம் பதுளையில் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க கிரீம். விற்கிற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். "மிஸ்ஸுக்கா, வேற யாருக்குமா? டிரை ஸ்கின்னா, ஒய்லியா? வெயில்ல நிக்கிறவங்களா? முந்தி ஏதாவது போட்டு எரிஞ்சிருக்கா?"

வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கும் இருந்தது...

வாசம் இல்லாத, கெட்டியான ஒன்றை வாங்கிக்கொண்டு அப்புத்தளைக்கு பஸ் ஏறினேன். ஜெசிந்தா இன்னமும் அதே லயத்தில், அதே வேலையில். இப்போது கூடைக்குப் பதிலாக நைலோன் பை. கயிறு மட்டும் அதே இடத்தில்.

டியூபைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதும் எரியுமாடி?" என்று சிரித்தாள்.

"எரியாது. கேட்டுத்தான் வாங்கினேன்."

கொஞ்சம் பிதுக்கி விரலில் எடுத்தாள். நான் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, குதிகால் வெடிப்பில் நிதானமாகத் தடவிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மொகத்துக்கு வேணாம்டி. அது பழகிருச்சு."